குழாம் திறப்பு விழா

எங்கள் அதிகார சபையில் எதையும் திறக்கலாம். மூடுவதற்குத்தான் வழியில்லை.

கண்டி வாவியிலிருந்து ஹந்தானைக்கு ஏறும் தெருவில், ஒரு பழைய பங்களாவின் நெற்றியில், 'மத்திய மலைநாட்டு வதிவிட உறுதிப்பாட்டு அதிகார சபை' என்று மும்மொழியிலும் பலகை தொங்கியது. அங்கேதான் நான் சேர்வர் அறையில் வேலை பார்த்தேன். என் காலத்தில் அங்கே ஒரு தண்ணீர்த் தாங்கி, ஒரு சைக்கிள் கொட்டில், ஒரு மலசலகூடம், ஒரு படிக்கட்டு ஆகியவை திறந்து வைக்கப்பட்டன. படிக்கட்டு ஏற்கெனவே இருந்ததுதான். சிவப்புச் சீமெந்து பூசிவிட்டுத் திறந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரமுகர், ஒரு சுபநேரம், ஒரு குத்துவிளக்கு, சுவரில் ஒரு கருங்கல். மலசலகூடக் கதவுக்கு மேலேயும் முன்னாள் தலைவர் ஒருவரின் பெயர் பொன்னெழுத்தில் இருக்கிறது. அவருடைய குடும்பத்தார் வந்து அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

யுத்தம் மறுபடி மூண்டு, யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதை மூடப்பட்டிருந்த காலம் அது. கண்டியில் தங்கியிருக்கும் தமிழர்கள், முக்கியமாக வடக்கிலிருந்து வந்தவர்கள், தாங்கள் தங்கியிருக்கும் இடத்திலேதான் தங்கியிருக்கிறார்கள் என்பதை உறுதிப்படுத்துவது எங்கள் சபையின் உயரிய நோக்கம். சோதனைச் சாவடியில் ஒருவர் அகப்பட்டால், அவருடைய அடையாள அட்டை இலக்கத்தைப் பொலிஸார் எங்கள் இணையத்தளத்தில் தட்டுவார்கள். பச்சை நிறத்தில் 'உறுதி' என்று வந்தால் ஆளை விடுவார்கள். 'இல்லை' என்று வந்தால் அன்று பின்னேரம் புறப்படும் வாகனத்தில் தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்கு அனுப்புவார்கள். பதிலே வராவிட்டாலும் அனுப்புவார்கள். அங்கே போனவர்கள் எப்போது வருவார்கள் என்று கேட்டவர்களுக்கு யாரும் பதில் சொன்னதில்லை. ஆள் இல்லை என்பதற்கும் கணினி படுத்துவிட்டது என்பதற்கும் ஒரு வித்தியாசம் இருப்பதாக எங்கள் சபையில் எவரும் நினைத்ததாக எனக்கு ஞாபகமில்லை.

இணையத்தளம் ஜாவாவில் எழுதியது. ஒரு விண்ணப்பம் வந்தால் அதை எடுத்துச் செய்துமுடிக்க உள்ளே ஒரு வேலையாள் வேண்டும். அதை ஆங்கிலத்தில் திரெட் என்பார்கள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொண்டிருந்தால் கட்டுபடியாகாது என்று, ஒரு தொகைத் திரெட்டுகளை முன்கூட்டியே உண்டாக்கி வரிசையில் நிறுத்தி வைப்பார்கள். இந்தத் தொகைக்கு எங்கள் உதவிப் பணிப்பாளர் பொன்னுத்துரை ஐயா 'இழைக் குழாம்' என்று தமிழாக்கம் செய்திருந்தார். நிகழ்ச்சிகளுக்கும் மொழிகளுக்கும் அவர்தான் பொறுப்பு. மூன்று நாள் யோசித்துக் கண்டுபிடித்த சொல் அது என்று எல்லாரிடமும் சொல்லுவார்.

தளத்தின் புதிய பதிப்பு ஒன்றைப் போடும்போதெல்லாம் ஒரு புதிய குழாம் திறக்க வேண்டும். பழையதை, கையிலுள்ள வேலையை முடிக்கவிட்டு, மூட வேண்டும். மூடாவிட்டால் பழைய பதிப்பைக் கழற்றி எறிந்த பிறகும் அதன் குழாம் சேர்வருக்குள் அப்படியே நிற்கும். முதலாம் வருட மாணவனுக்கும் தெரிந்த சங்கதி இது. ஆனால் எங்கள் சபையில் புதிய பதிப்பு என்பது ஒரு விழா. பிரமுகர் வருவார், விளக்கேற்றுவார், பொத்தானை அமுக்குவார், அவர் பெயரிலேயே ஒரு குழாம் திறக்கப்படும். கல் பதிக்கச் சேர்வருக்குள் சுவர் இல்லாதபடியால், ஒவ்வொரு திரெட்டுக்கும் பிரமுகரின் பெயரையே வைத்தார்கள். எத்தனை திரெட் என்பது பிரமுகரின் பதவியைப் பொறுத்தது. பணிப்பாளருக்கு ஓர் அளவு, செயலாளருக்கு அதன் இரட்டிப்பு, அமைச்சர் என்றால் கேட்கவே வேண்டாம். வேலை எவ்வளவு வருகிறது என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இந்த நிலையில்தான் அம்பிகைபாகன் எங்களிடம் புரோகிராமராக வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனுசன், உலகம் அறியாதவர். ஒரு பிழையைக் காட்டினால் அதைத் திருத்துவார்கள் என்று நம்பும் அளவுக்கு உலகம் அறியாதவர். வந்த கிழமையே என்னைக் கூப்பிட்டார்.

"ஜவாஹிர், இஞ்ச வந்து பாருங்கோ. இந்தச் சேர்வருக்குள்ள ஆர் ஆர் நிக்கினம் எண்டு."

திரையில் ஒரு பெரிய வரிசை. காலஞ்சென்ற முதலாவது தலைவரின் பெயரில் ஒரு கூட்டம். கட்சி மாறிப்போன மாகாணப் பிரமுகர் ஒருவரின் பெயரில் இன்னொரு கூட்டம். எங்கள் பணிப்பாளர் ஹப்புகொடவின் பெயரில் இரண்டு கூட்டம், ஏனென்றால் அவர் பதவியேற்றபோது ஒன்று திறந்தார், பதவி நீடிக்கப்பட்டபோது இன்னொன்று திறந்தார்.

"இவங்க எல்லாம் என்ன செய்ற?" என்று கேட்டேன்.

"ஒண்டும் செய்யேல்லை. வேலை வருமெண்டு பாத்துக்கொண்டு நிக்கினம். வேலை போறது கடைசிக் குழாமுக்கு மட்டும்தான். மற்றவையளுக்கு வேலை குடுக்கிற ஆளே இப்ப இல்லை. ஆனா இடத்தைப் பிடிச்சுக்கொண்டு நிக்கினம்."

"அப்ப நம்மட கந்தோர் மாதிரியேதான்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "இப்பிடியே போனா இன்னும் ரெண்டு விழாவில இது மூச்சடைச்சுச் சாகும். ஒரு சின்ன வேலைதான். முதல்ல குழாமிட்ட இனிப் புது வேலை எடுக்காதை எண்டு மரியாதையாச் சொல்லுறது, கொஞ்சம் பொறுக்கிறது, கேக்காட்டிப் பிடிச்சு நிப்பாட்டுறது. பத்து வரியில எழுதலாம்."

பத்து வரியைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் கூட்டப்பட்டது. பணிப்பாளர் ஹப்புகொட வெள்ளைத் தேசிய உடையில் வந்து அமர்ந்தார். அவர் சிங்களத்தில் பேசுவார். நான் கலகெதரக்காரன், சிங்களம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. அம்பிகைபாகனுக்கு அரைகுறை. ஆகவே பொன்னுத்துரை ஐயா எழுந்து நின்று மொழிபெயர்த்தார். மூலத்தில் ஒரு வசனம் வந்தால் தமிழில் மூன்று வரும்.

"இளம் நண்பரே, இருபத்தாறு ஆண்டுகளாக அரச சேவை என்னும் பெருங்கடலில் யான் நீந்தி வருகின்றேன். எதையேனும் ஆரம்பித்தமைக்காக எந்தவோர் உத்தியோகத்தரும் விசாரிக்கப்பட்டதை யான் கண்டிலேன். முடித்தமைக்காக மூவர் விசாரிக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவர் ஒழுகிய தண்ணீர்க் குழாயை மூடியவர். அக்குழாயைத் திறந்துவைத்தவர் யார் என்பதை அவர் முன்கூட்டியே விசாரித்திருக்க வேண்டும். ஆரம்பம் என்பது சாதனை. முடிவு என்பது ஒருவர் மீதான விமர்சனம். இச்சபையில் நாம் எவரையும் விமர்சிப்பதில்லை."

எல்லாரும் கைதட்டினார்கள். பழக்கதோஷத்தில் நானும் தட்டிவிட்டேன்.

"சேர், சேர்வர் விழுந்தா பொலிசுக்குப் பதில் போகாது," என்றார் அம்பிகைபாகன். "ஆக்களைக் கொண்டுபோவாங்கள்."

இதைப் பொன்னுத்துரை ஐயா சிங்களத்தில் சொன்னபோது, 'சில சிறு தாமதங்கள் ஏற்படலாம் என்று தம்பி அஞ்சுகிறார்' என்று ஆகிவிட்டது. பணிப்பாளர் பெருந்தன்மையோடு தலையசைத்தார். கடைசியில், திறந்து வைத்த ஒவ்வொருவரிடமும் சம்மதம் பெற்றுவந்தால் அவரவர் குழாத்தை மூடுவது பற்றி அடுத்த கூட்டத்தில் ஆலோசிக்கலாம் என்று முடிவாயிற்று.

சம்மதம் வாங்க என்னையும் அம்பிகைபாகனையும் அனுப்பினார்கள். முதலாவது தலைவரின் மனைவி கட்டுகஸ்தோட்டையில் ஒரு பெரிய வீட்டில் தனியே இருந்தார். எங்களுக்குப் பாற்சோறும் வாழைப்பழமும் தந்து அன்பாக உபசரித்தார். நான் சிங்களத்தில் விஷயத்தை விளக்கினேன். அந்த அம்மா நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவர் அரசாங்கத்திலே எவ்வளவோ வருடம் இருந்தார். அவர் தொடங்கியதில் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருப்பது இது ஒன்றுதான் போலிருக்கிறது. அதை நான் நிறுத்தச் சொல்ல வேண்டுமா, மகனே?" என்றார்.

"ஓடவில்லை அம்மா. சும்மா நிற்கிறது."

"கடைசிக் காலத்தில் அவரும் அப்படித்தான் நின்றார். அதற்காக நான் அவரை மூடினேனா?"

இருவரும் வாழைப்பழத்தைச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

கட்சி மாறிய மாகாணப் பிரமுகரிடம் போக எங்களை விடவில்லை. அவரிடம் போய்க் கேட்டால் எதிர்க்கட்சியோடு தொடர்பு. கேட்காமல் மூடினால் அரசியல் பழிவாங்கல். "பொறுமையா இரும் தம்பி, அந்தாள் திரும்பி வரும். வழக்கமா வாறவர்தான்," என்று பொன்னுத்துரை ஐயா ஆறுதல் சொன்னார். மிஞ்சியவர் பணிப்பாளர். அவருடைய இரண்டு குழாங்களையாவது மூடலாம் என்று போனோம். தன்னுடைய குழாத்தை மூடத் தானே அனுமதி கொடுப்பது நேர்மைக்குப் பொருந்தாது என்று அவர் மறுத்துவிட்டார். இந்த நேர்மைக்காக அடுத்த கூட்டத்தில் அவருக்கு ஒரு பாராட்டுத் தீர்மானம் நிறைவேறியது. பாராட்டை முன்னிட்டு ஒரு புதிய பதிப்பும், அவர் பெயரில் மூன்றாவது குழாமும் திறக்கப்பட்டன.

அதற்குப் பிறகு சேர்வர் தள்ளாடத் தொடங்கியது. பச்சை எழுத்து வரப் பொலிஸார் கன்னத்தில் கைவைத்துக் காத்திருந்தார்கள். சில நாள் வந்தது, சில நாள் வரவில்லை. வராத நாள்களில் யார் யார் வாகனத்தில் ஏறினார்கள் என்று எங்கள் சபைக்கு அறிவிக்கப்படுவதில்லை. நாங்களும் கேட்பதில்லை. மேலே நின்று பார்த்தால் வாவி அழகாகத்தான் தெரியும்.

ஒரு நாள் மத்தியானம் சேர்வர் முற்றாக உறைந்துபோயிற்று. அதே நேரம் அம்பிகைபாகனின் தொலைபேசி அடித்தது. அவர் மனைவி கமலாசனி. அவர் பேசியது பக்கத்து மேசையில் இருந்த எனக்கும் கேட்டது.

"இஞ்சேருங்கோ, அண்ணையைப் பிடிச்சுப்போட்டாங்கள். வத்தேகம ரோட்டில, பஸ்ஸால இறக்கி. உங்கட கந்தோர்க் கொம்பியூட்டரில பேர் வருகுதில்லையாம். நாலு மணிக்கு அனுப்பிப் போடுவாங்களாம்."

அண்ணன் என்றால் மகேந்திரராசா. யாழ்ப்பாணத்தில் நில அளவையாளர். கண்ணில் வெண்படலம் வெட்டுவதற்காகக் கப்பலில் திருகோணமலை வந்து, அங்கிருந்து கண்டிக்கு வந்து தங்கையோடு தங்கியிருந்தார். எங்கள் சபையில் முறைப்படி பதிந்து உறுதிபெற்றவர். அவரைப் பதிந்ததே அம்பிகைபாகன்தான்.

அம்பிகைபாகன் பணிப்பாளரின் அறைக்கு ஓடினார். நானும் பின்னாலே போனேன். சேர்வரை ஒருமுறை நிறுத்தித் திருப்பிப் போட்டால் போதும், பழைய குழாங்கள் எல்லாம் தாமாகவே போய்விடும், ஐந்து நிமிட வேலை என்று கெஞ்சினார். பணிப்பாளர் உண்மையிலேயே இரங்கினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சுவரிலிருந்த பஞ்சாங்கத்தைப் பார்த்தார். நிறுத்துவதற்குத் திறந்தவர்களின் சம்மதம் இல்லை. அப்படியே நிறுத்தினாலும் மறுபடி தொடங்குவதற்கு நாளை மறுநாள் காலைவரை சுபநேரம் இல்லை. அன்றைக்கு ராகுகாலம் வேறு. பொன்னுத்துரை ஐயா மொழிபெயர்த்தார்.

"தங்கள் மைத்துனரின் துயரம் எமது துயரமே. ஆயினும் ஒரு தனிமனிதரின் பயண ஒழுங்குகளுக்காகப் பொதுமக்களின் சொத்தாகிய குழாத்தை அகாலத்தில் ஆரம்பித்து, அதன் எதிர்காலத்தை இருளில் தள்ளுதல் தகுமோ?"

பிறகு அவர் தன் சொந்தத் தமிழுக்கு இறங்கி அம்பிகைபாகனின் தோளைத் தொட்டார். "தம்பி, நானும் தமிழன்தானே. எனக்கு நோகாதோ? ஆனா முறையெண்டு ஒண்டு இருக்குதெல்லோ."

அந்த ஆளை அந்த இடத்திலேயே அறைய வேண்டும் போலிருந்தது. நான் அறையவில்லை. அம்பிகைபாகன் வெளியே வந்து, நேரே சேர்வர் அறைக்குள் போனார்.

"என்ன அம்பி செய்யப் போறீங்க?"

"செய்ய வேண்டியதை."

அவர் கதிரையில் உட்காரக்கூட இல்லை. நின்றபடியே நாலைந்து எழுத்தைத் தட்டினார். திரையில் நின்ற காலஞ்சென்ற தலைவர், கட்சி மாறியவர், மூன்று ஹப்புகொடமார், அத்தனை பேரும் ஒரே கணத்தில் மறைந்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. அவர் எழுதி வைத்திருந்த பதிப்பைப் போட்டார். அதில் ஒரேயொரு குழாம், அதுவும் சின்னது. அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. மூடுகிற பத்து வரியும் அதில் இருந்தன. விளக்கில்லை, மேளமில்லை, வெற்றிலைத் தட்டில்லை. ராகுகாலத்தின் நட்டநடுவில் எங்கள் தளம் எழும்பி நின்று, தேங்கிக் கிடந்த விண்ணப்பங்களுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்லத் தொடங்கியது. முதலாவதாகப் போன பச்சை, மகேந்திரராசாவுடையது. வாகனம் புறப்படுவதற்கு முன்னே அவரை விட்டுவிட்டார்கள். அவரோடு அகப்பட்டிருந்த வேறு சிலரையும் விட்டார்கள். கமலாசனி தொலைபேசியில் அழுதார். அம்பிகைபாகன் அதன் பிறகுதான் கதிரையில் உட்கார்ந்தார்.

இனி விசாரணை. அம்பிகைபாகன் வேலையிலிருந்து இடைநிறுத்தப்பட்டார். சேர்வர் அறைக்கு அரக்கு முத்திரை வைத்தார்கள். குற்றச்சாட்டுகளை வாசித்தார்கள். பிரமுகர்களின் குழாங்களை அவர்களுடைய சம்மதமின்றி முடித்தது. பிரமுகர் இன்றி ஒரு குழாத்தைத் தொடங்கியது. அகாலத்தில் தொடங்கியது. அதற்குப் பெயர் வைக்காமல் விட்டது. தளம் இப்போது பிரமாதமாக ஓடுகிறதே என்று நான் சாட்சியத்தில் சொன்னேன். அது குற்றத்தை மேலும் பாரதூரமாக்குகிறது என்று குழு குறித்துக்கொண்டது.

தீர்ப்பைப் பணிப்பாளர் எழுந்து நின்று வழங்கினார், பொன்னுத்துரை ஐயா மொழிபெயர்த்தார்.

"திறந்து வைக்கப்படாத ஒரு குழாம் வழங்கிய உறுதிகள் உறுதிகளாகா. ஆகவே அன்று பிற்பகல் உறுதிப்படுத்தப்பட்டோர் அனைவரும் இன்றுவரை உறுதிப்படுத்தப்படாதோரே ஆவர். எனினும் நாம் கல்நெஞ்சர் அல்லோம். இத்தவற்றை முறைப்படுத்தும் பொருட்டு, அழிக்கப்பட்ட குழாங்கள் யாவும் மீள நிறுவப்படும். கௌரவ பிரதி அமைச்சர் அவர்களின் திருக்கரங்களால் ஒரு புதிய குழாமும் திறந்து வைக்கப்படும். முன்னர் தவறாக விடுவிக்கப்பட்ட ஒருவர், அம்மேடையிலேயே, முறையாக விடுவிக்கப்படுவார்."

அம்பிகைபாகனுக்கு முதலில் விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. பிறகு பொன்னுத்துரை ஐயா பக்கத்தில் வந்து, சம்பந்தம் பேச வந்தவர் போலச் சிரித்துக்கொண்டு விளக்கினார்.

"உம்மட மச்சானைத்தான் தம்பி தெரிவு செய்திருக்கிறம். அவற்ற பேர்தானே முதல் போனது. விழாவுக்கு முதல் பொலிஸ் ஒருக்கா வந்து கூட்டிக்கொண்டு போகும். பயப்பிடாதையும், மரியாதையாத்தான் கூட்டிக்கொண்டு போவினம். மேடையில பச்சை விழ, மந்திரி கையால பத்திரத்தைக் குடுத்து விடுவார். பேப்பரிலயும் படம் வரும்."

"ஐயா, அவர் இப்ப வீட்டிலதானே இருக்கிறார்!"

"இருக்கிறார். ஆனா முறைப்படி இல்லை."

கொழும்பிலிருந்து கழுத்துப்பட்டி கட்டிய ஓர் ஆலோசகர் வந்து பழைய குழாங்களை எல்லாம் மீள நிறுவினார். அந்த அம்மாவின் கணவர் திரும்பி வந்தார், கட்சி மாறியவரும் வந்தார், ஹப்புகொட மூன்று முறை வந்தார். பிரதி அமைச்சரின் குழாம் எல்லாவற்றையும்விடப் பெரிது. வழக்கமாகத் திரெட்டுகள் வேலை வரவர ஒவ்வொன்றாகத்தான் உண்டாகும். பிரமுகர் வரும்போது வரிசையில் ஆளில்லாமல் இருப்பது அவமரியாதை என்று, பொத்தானை அமுக்கும் கணத்திலேயே எல்லாக் குழாங்களிலும் எல்லாத் திரெட்டும் எழும்பி நிற்க வேண்டுமென்று கட்டளை போயிற்று. அமைச்சரின் காருக்குக் கொடியாட்டப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி வைப்பது போலத்தான். மூடுகிற பத்து வரியை ஆலோசகர் அழித்துவிட்டார். திறப்பு விழாவில் அப்படிப்பட்ட வரிகள் இருப்பது அபசகுனம்.

அம்பிகைபாகன் வாசலில் நின்று பணிப்பாளரின் காரை மறித்தார். "சேர், அந்தச் சேர்வரில இவ்வளவுக்கும் இடமில்லை. அமத்தின உடனே விழும். என்னை வேலையால நிப்பாட்டுங்கோ, மறியலில போடுங்கோ. மச்சானை மட்டும் அந்த மேடைக்கு ஏத்தாதையுங்கோ." பணிப்பாளர் கண்ணாடியை இறக்கி, விழாவுக்குக் கட்டாயம் குடும்பத்தோடு வரவேண்டும் என்று அழைத்துவிட்டுப் போனார்.

மகேந்திரராசாவைச் சொன்னபடியே மரியாதையாகத்தான் கொண்டுபோனார்கள். மேடையில் போட ஒரு வெள்ளைச் சேட்டை அயன் பண்ணி எடுத்துவரும்படி ஒரு சார்ஜன்ட் கமலாசனியிடம் சொன்னாராம். அவர் விடிய எழும்பி அயன் பண்ணினார்.

எங்கள் சபையின் விழா மண்டபத்தில் கண்டிய மேளம் முழங்கியது. பிரதி அமைச்சருக்கு வெற்றிலை கொடுத்தார்கள். மேடையில் பெரிய திரை, அதன் முன்னே சிவப்பு நாடா கட்டிய ஒரு பொத்தான். ஓரத்தில், இரண்டு கான்ஸ்டபிள்மாருக்கு நடுவில், மடிப்புக் கலையாத வெள்ளைச் சேட்டோடு மகேந்திரராசா நின்றார். ஒரு கண் சரியாகத் தெரியாதபடியால் தங்கை எந்த வரிசையில் இருக்கிறாள் என்று தேடிக்கொண்டிருந்தார். கமலாசனி முன்வரிசையில் இருந்து கையைக் காட்டினார். பயனாளியின் குடும்பம் என்று அவருக்கும் அம்பிகைபாகனுக்கும் துணி போர்த்த கதிரை போட்டிருந்தார்கள்.

பிரதி அமைச்சர் அரை மணித்தியாலம் பேசினார். வடக்கும் தெற்கும் இழைகளாகப் பின்னிப் பிணைய வேண்டும் என்றார். தான் சிறுவயதில் கணினியையே கண்டதில்லை, இன்றும் தொட்டதில்லை, ஆனாலும் இன்றைக்கு ஒன்றைத் திறந்து வைக்கிறேன், இதுதான் ஜனநாயகம் என்றார். சோதிடர் கைகாட்டினார். விளக்கு எரிந்தது. பொத்தான் அமுங்கியது.

திரை ஒருமுறை வெளுத்தது. பிறகு ஆங்கிலத்தில், 'நேட்டிவ் திரெட்' என்று முடியும் ஒரு வரி வந்து நின்றது. ஒலிவாங்கியைப் பிடித்திருந்த பொன்னுத்துரை ஐயா அதை உடனே தமிழாக்கினார். "'புதியதொரு சுதேச இழையை உருவாக்க இயலவில்லை' எனக் கணினி பெருமகிழ்வுடன் அறிவிக்கின்றது!"

மண்டபம் கைதட்டியது. மேளம் மறுபடி முழங்கியது. அமைச்சர் இன்னொரு முறையும் பொத்தானை அமுக்கிக் காட்டினார், படம் எடுப்பவர் முதல் தடவையைத் தவறவிட்டாராம்.

பொலிஸ் இன்ஸ்பெக்டர் தன் மடிக்கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை வரவில்லை. கொஞ்சம் பொறுத்துப் பார்த்தார். அவரைக் கெட்ட மனுசன் என்று சொல்ல மாட்டேன். பணிப்பாளரிடம் போய்க் காதோடு காதாகக் கேட்டார். பணிப்பாளர் கையை விரித்தார். பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பது ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறதே, அதில் தான் தலையிடுவது எப்படி என்றார். நான் கிட்ட நின்றதால் எல்லாம் கேட்டது. ஆள் நேரே முன்னால் நிற்கிறார், ஊர் பேர் எல்லாருக்கும் தெரியும், அவருக்குக் கொடுக்க வேண்டிய பத்திரமும் அமைச்சரின் கையிலேயே இருக்கிறது.

அம்பிகைபாகன் சேர்வர் அறைக்கு ஓடினார். நானும் ஓடினேன். கதவில், ஆலோசகர் திரும்ப வைத்துவிட்டுப் போன அரக்கு முத்திரை. அதை உடைப்பதற்குள் காவலாளிகள் எங்கள் இருவரையும் பிடித்துக்கொண்டார்கள். அவர் கதவை உதைத்து உதைத்துக் கத்தினார். அந்த மனிதர் கத்தி நான் கேட்டது அன்றைக்குத்தான். அந்தச் சத்தம் மண்டபத்தில் மேளத்தோடு மேளமாகப் போய்விட்டது.

எங்களை விட்டபோது பொலிஸ் ஜீப் ஹந்தானைத் தெருவில் இறங்கிக்கொண்டிருந்தது. மகேந்திரராசா பின்பக்கத்தில் இருந்தார். வாகனம் எந்தப் பக்கம் திரும்பும் என்று எங்களுக்குத் தெரியும். கமலாசனி அதன் பின்னால் வளைவுவரை ஓடிவிட்டு, செருப்பில்லாமல் திரும்பி வந்தார். அவர் அழவில்லை. நேரே மண்டபத்துக்குள் போனார்.

உள்ளே தேநீரும் கொக்கிசுப் பலகாரமும் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். பணிப்பாளர் ஹப்புகொட அமைச்சருக்குச் சுவரில் பதிக்கப்போகும் கல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். கமலாசனியைக் கண்டதும் முகம் மலர்ந்து, அவருக்கும் ஒரு கோப்பை கொடுக்கும்படி சைகை காட்டினார். கமலாசனி கோப்பையை வாங்கி, பணிப்பாளரின் வெள்ளைத் தேசிய உடையில், கழுத்திலிருந்து கீழே வரை, மெதுவாக ஊற்றி முடித்தார்.

அந்தச் சபையில் என் கண்ணால் கண்ட, உருப்படியாக முடிந்த வேலை அது ஒன்றுதான். தேநீர் ஆறிப்போயிருந்தது.